ஆஸ்பெஸ்டாஸ் வேலை பாக்கற புருஷனோட சட்டையை உதறுனா நுரையீரல்ல தழும்பு வருமா?

சி.டி ஸ்கேன் ரிப்போர்ட்ல பைப்ரோசிஸ்னு வந்திருக்கு, அதாவது நுரையீரல்ல தழும்பு. டாக்டர் கேக்குறாரு, நீங்க என்னம்மா வேலை பாத்தீங்க? அந்தம்மா சொல்றாங்க, நான் வேலைக்கெல்லாம் போனதே இல்ல சார், வீட்லதான் இருக்கேன். டாக்டர் ஃபைல்ல ஹவுஸ் வைஃப்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்கு போயிடுறாரு. எனக்கு ஆதங்கமே இந்த இடத்துலதான். வீட்ல இருந்தவங்க யாரோட துணியை துவைச்சாங்க, அந்த துணி எங்கேர்ந்து வந்துச்சு, அதை துவைக்கிறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு பட்டு பட்டுன்னு உதறுனாங்களான்னு யாருமே கேக்குறதில்ல. அந்த கேள்வி ஏன் முக்கியம்னு சொல்லத்தான் இதை எழுதுறேன், அதே நேரத்துல எல்லா தழும்புக்கும் ஆஸ்பெஸ்டாஸ் மேல பழி போடக்கூடாதுங்கறதையும் சேத்தே சொல்லணும்.

ஆஸ்பெஸ்டாஸ்க்கு தமிழ்ல கல்நார்னு பேரு. ரொம்ப பொருத்தமான பேரு, ஏன்னா அது நிஜமாவே கல்லுதான், ஆனா நாரு நாரா பிரியும். ஒரு நாரை பிரிச்சா அதுக்குள்ள இன்னும் மெல்லிசா நாரு, அதை பிரிச்சா இன்னும் மெல்லிசு, கடைசில தலைமுடியவிட நூத்துக்கணக்கான மடங்கு மெல்லிசா போயிடும், கண்ணுக்கே தெரியாது. சாதாரண மண்ணு தூசி மூக்குலயும் தொண்டைலயும் தங்கிடும், சளியோட வெளில வந்துரும். இது அப்படி இல்ல, நீளமா இருந்தாலும் மெல்லிசா இருக்கறதால காத்தோட்டத்துக்கு நேரா படுத்துக்கிட்டு மூச்சுக்குழாயோட கடைசி வரைக்கும் போயி காத்துப்பைக்கு பக்கத்துல விழுந்துரும். அங்க நம்ம உடம்புல மேக்ரோபேஜ்னு ஒரு துப்புரவு செல் இருக்கு, குப்பை எது வந்தாலும் முழுங்கி அகற்றுறதுதான் அதோட வேலை. ஆனா இந்த நாரு அந்த செல்லையே விட நீளம். பாதி முழுங்கும், மீதி வெளில நீட்டிக்கிட்டு நிக்கும், தொண்டைல மீன் முள்ளு மாட்டுன மாதிரி. முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம அந்த செல்லு தன்கிட்ட இருக்கற ரசாயனத்தையெல்லாம் சுத்தி கொட்டுது, அழற்சி வருது, பக்கத்துல இருக்கற தழும்பு போடற செல்லுங்க ஓடிவந்து கொலாஜன்ங்கற புரதத்தை போட்டு அந்த இடத்தை மூடப்பாக்குது. கைல வெட்டு பட்டா தழும்பு வர்ற மாதிரியேதான். வித்தியாசம் என்னன்னா கைல வெட்டு ஒரு தடவை பட்டு ஆறிடும், இங்க முள்ளு உள்ளயே இருக்கு, அதனால தழும்பு போடுற வேலை நிக்கவே மாட்டேங்குது. பிஞ்சு பீர்க்கங்கா மாதிரி மெத்துனு இருக்கவேண்டிய நுரையீரல் காஞ்சுபோன பீர்க்கங்கா நாரு மாதிரி விறைச்சு போகும். இதைத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ்னு சொல்றாங்க. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், வறட்டு இருமல் இருக்கும், முதுகுல ஸ்டெதஸ்கோப் வெச்சா மூச்சு இழுக்கறப்ப கீழ்ப்பக்கம் மொறுமொறுன்னு ஒரு சத்தம் கேக்கும். இதெல்லாம் நாரு உள்ள போயி இருவது வருஷம் முப்பது வருஷம் கழிச்சுதான் தெரியும், அதுதான் கொடுமை, அந்த நேரத்துல வேலையும் இருக்காது, கம்பெனியும் இருக்காது, சில வீட்ல அந்த புருஷனே இருக்கமாட்டாரு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். வேலை பாத்தவருக்கு வரும்னு எல்லாரும் ஒத்துக்குறாங்க. அவரு சட்டைல ஒட்டிக்கிட்டு வந்ததை வீட்ல சுவாசிச்சவங்களுக்கு வருமா? வரும், ஆனா எந்த நோயின்னு பிரிச்சு பாக்கணும், இதை குழப்பிக்கறவங்கதான் நிறைய. மீசோதீலியோமான்னு ஒரு கேன்சர் இருக்கு, நுரையீரலை சுத்தியிருக்கற ப்ளூராங்கற உறைல வர்றது, அதுக்கு ரொம்ப கொஞ்சமா நாரு போனாலே போதும், வீட்ல இருந்தவங்களுக்கு அது வந்ததுல எந்த சந்தேகமும் இல்ல, பல நாட்டுல பல தடவை பாத்தாச்சு. அடுத்தது உறை தடிச்சு போறது, பிளாக்னு சொல்ற வெள்ளைத் திட்டு, ப்ளூரா முழுக்க தடிமனாகுறது, இதுவும் வீட்டு ஆளுங்களுக்கு நல்லாவே வருது. மூணாவது நுரையீரலுக்கு உள்ளயே வர்ற தழும்பு, நான் மேல சொன்ன அசல் ஆஸ்பெஸ்டோசிஸ், அதுக்குத்தான் நிறைய நாரு வேணும், நிறைய வருஷம் வேணும். 1997ல ஹெல்சிங்கில நிபுணருங்க கூடி ஒரு அளவுகோல் சொன்னாங்க, ஒரு மில்லி லிட்டர் காத்துல ஒரு நாருன்னு 25 வருஷம், இல்ல அஞ்சு நாருன்னு அஞ்சு வருஷம், இந்த மாதிரி பெருக்கி வர்ற கணக்கு 25ஐ தொட்டா நுரையீரல் கேன்சர் வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்காகும், வெளில தெரியற அளவுக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் வர்றதும் கிட்டத்தட்ட அந்த அளவுலதான்னு. அப்ப கேள்வி இப்படி மாறுது, ஒரு வீட்டுக்குள்ள அவ்வளவு தூசி சேருமா? பெரும்பாலான வீட்ல சேராது. சில வீட்ல சேந்திருக்கு.

அந்த சில வீடுங்க எங்கன்னு கேட்டா மொதல்ல அமெரிக்கால மொன்டானா மாநிலத்துல லிபின்னு ஒரு சின்ன ஊரைத்தான் சொல்லணும். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊரு, மலை, காடு, ஆறுன்னு பாக்க அழகா இருக்கும். ஊருக்கு வெளில ஒரு மலைல வெர்மிகுலைட் சுரங்கம், 1920கள்லருந்து 1990 வரைக்கும் ஓடுச்சு, 1963ல டபிள்யூ.ஆர். கிரேஸ்ங்கற கம்பெனி வாங்குச்சு. வெர்மிகுலைட்ங்கறது சூடு பண்ணா சோளப்பொரி மாதிரி பொரியற கனிமம், வீட்டுப் பரண்ல குளிர் உள்ள வராம இருக்க கொட்டுவாங்க, தோட்டத்து மண்ணுல கலப்பாங்க. வெர்மிகுலைட் தனியா இருந்தா பிரச்சனை இல்ல, ஆனா லிபி மலைல அதோடயே டிரெமோலைட் வகையை சேந்த ஆஸ்பெஸ்டாஸ் பின்னிக்கிட்டு இருந்துச்சு, கூரை ஷீட்டுல போடற வெள்ளை கல்நாரை விட உடம்புல ரொம்ப நாள் தங்கற சாதி அது. 1950கள்லயே மாநில சுகாதாரத்துறை வந்து பாத்துட்டு அங்க இருக்கற தூசில விஷமான ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு எழுதிட்டு போயிருக்காங்க. ஆனா வேலை முடிச்ச ஆளுங்க அதே தூசியோட, அதே உடுப்போட, வீட்டுக்கு போனாங்க. கதவை தொறந்ததும் புள்ளைங்க ஓடிவந்து அப்பா கால கட்டிக்கும், அவரு சோபால உக்காருவாரு, சட்டை துவைக்கற இடத்துக்கு போகும். யாராவது வேணும்னா பண்ணாங்க? இல்ல. ஆனா தெரிஞ்சவங்க சொல்லாம இருந்தாங்க, அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

அந்த ஊர்ல கேலா பெனிஃபீல்டுன்னு ஒரு அம்மா, இந்த விஷயத்தை ஊரறிய கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவங்க. அவங்க அப்பா சுரங்கத் தொழிலாளி, ஆஸ்பெஸ்டாஸ் நோயால இறந்தாரு. அம்மா சுரங்கத்துக்கே போனதில்ல, வீட்டை பாத்துக்கிட்டவங்க, அவங்களும் அதே நோயாலதான் இறந்தாங்க. அப்பாவுக்கு வந்துச்சு சரி, அம்மாவுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க அந்தம்மா. பல வருஷம் சொந்த ஊர்க்காரங்களே அவங்கள ஊர் பேரை கெடுக்கறவன்னு பாத்தாங்க. 1999 நவம்பர்ல சியாட்டில் போஸ்ட் இன்டெலிஜென்சர் பத்திரிகை இதை விலாவாரியா எழுதுச்சு, உடனே அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஊருக்குள்ள வந்து இறங்குச்சு.

வந்து பாத்தா சுரங்கத்து கழிவு ஊரு முழுக்க கெடக்குது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பாதைல போட்டிருக்காங்க, ஐஸ் சறுக்கற இடத்துக்கு அடில போட்டிருக்காங்க, பேஸ்பால் மைதானத்துக்கு பக்கத்துல இருந்த வெர்மிகுலைட் குவியல்ல புள்ளைங்க ஏறி குதிச்சு வெளையாடியிருக்கு. 2000, 2001ல ஊர்லயும் சுத்துவட்டாரத்துலயும் இருக்கறவங்களுக்கும் முன்னாடி அங்க இருந்தவங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க, 6,668 பேருக்கு. 17.8 சதவீதம் பேருக்கு ப்ளூரால மாற்றம். எந்த வழில தூசி பட்டுருக்கும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எண்ணுனாங்க, சுரங்கத்துல வேலை, சுரங்க ஆளோட ஒரே வீட்ல வாழ்ந்தது, குவியல்ல வெளையாடுனது, தோட்டத்துல போட்டதுன்னு. எந்த வழியுமே இல்லன்னு சொன்னவங்கள்ல 6.7 சதவீதம், பன்னெண்டும் அதுக்கு மேலயும் வழி இருந்தவங்கள்ல 34.6 சதவீதம். வழி கூடக்கூட நோய் கூடுது. சுரங்கத் தொழிலாளியோட வீட்டு ஆளா இருக்கறதே தனியா ஒரு காரணமா நின்னுச்சு.

ஆனா அதே ஆய்வுல இன்னொரு எண்ணும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. நுரையீரலுக்கு உள்ள தழும்பு தெரிஞ்சவங்க 1 சதவீதத்துக்கும் கம்மி. உறைல அவ்வளவு பேருக்கு, உள்ள இவ்வளவு பேருக்குதான். எக்ஸ்ரேல ஆரம்ப தழும்பு தெரியாது, சி.டி எடுத்தா இன்னும் கொஞ்சம் கூடும்ங்கறது உண்மைதான், இருந்தாலும் மேல சொன்ன அளவுகோல் பொய்யில்லன்னு இது காட்டுது. உறை தடிக்கறதுதானேன்னு லேசா எடுத்துக்கவும் வேணாம், லிபி ஆளுங்களுக்கு அது தோல் மாதிரி தடிச்சு நுரையீரலை சுத்தி இறுக்கிப் பிடிக்குது, மூச்சை இழுத்தா விரிய விடமாட்டேங்குது, சில பேருக்கு வருஷத்துக்கு வருஷம் மோசமாகுது. 2009ல லிபிக்காக பொது சுகாதார அவசரநிலையை அறிவிச்சாங்க, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வரலாற்றுலயே அதுதான் மொத தடவை. அதே வருஷம் கம்பெனி மேலயும் அதிகாரிங்க மேலயும் நடந்த குற்றவியல் வழக்குல ஜூரி குற்றமில்லன்னு விடுவிச்சுடுச்சு. 2010ல வந்த மருத்துவ காப்பீட்டு சட்டத்துல லிபி நோயாளிங்களுக்கு வயசு பாக்காம மெடிகேர், அதாவது வயசானவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற மருத்துவ காப்பீடு, குடுக்கறதுக்குன்னே தனியா ஒரு பிரிவு சேத்தாங்க.

லிபிக்கு முன்னாடியே இது தெரியாதான்னா தெரியும். 1965லயே லண்டன்ல மாலி நியூஹவுஸ், ஹில்டா தாம்சன்னு ரெண்டு பேரு மீசோதீலியோமா நோயாளிங்களோட பழைய கதையை தோண்டுனாங்க. விவரம் கெடச்ச 76 பேர்ல 9 பேரு ஆஸ்பெஸ்டாஸை கையால தொடாதவங்க, ஆனா அதுல வேலை பாக்கற ஆளோட ஒரே வீட்ல இருந்தவங்க, அவங்கள்ல அதிகம் கேட்ட கதை புருஷனோட வேலை உடுப்பை துவைச்ச பொண்டாட்டி கதைதான். வேற 11 பேரு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஃபேக்டரிக்கு அரை மைலுக்குள்ள குடியிருந்தவங்க, அவ்வளவுதான் அவங்க செஞ்ச தப்பு. அவங்க என்ன வேலை பாத்தாங்கன்னு மட்டும் கேட்டிருந்தா இந்த இருவது பேரும் காரணம் தெரியாதவங்க பட்டியல்ல போயிருப்பாங்க.

அது கேன்சர். தழும்பை பத்தி நேரா பேசறது நியூ ஜெர்சில பேட்டர்சன் ஊரு. அங்க 1941லருந்து 1954 வரைக்கும் ஒரு ஃபேக்டரி, பழுப்பு கல்நாருல கப்பலுக்கு வெப்பக்காப்பு செஞ்சாங்க, போர்க்காலம், கொஞ்ச நாள் மட்டும் வேலை பாத்துட்டு போனவங்க நிறைய. இர்விங் செலிகாஃப்னு நியூயார்க் டாக்டரும் அவரு குழுவும் பல வருஷம் கழிச்சு அந்த தொழிலாளிங்களோட வீட்டு ஆளுங்கள தேடிப்போயி எக்ஸ்ரே எடுத்தாங்க. மூணுல ஒருத்தருக்கும் மேல மாற்றம் இருந்துச்சு, ஒப்பிட்டு பாத்த மத்தவங்கள்ல அது கிட்டத்தட்ட 5 சதவீதம்தான். ப்ளூரா தடிமன் மட்டும் இல்ல, நுரையீரலுக்கு உள்ளயே தழும்பு மாதிரி சின்ன சின்ன நிழலும் இருந்துச்சு. 1985ல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கப்பல் கட்டற ஆளுங்களோட குடும்பத்தை பாத்தப்ப மனைவிங்கள்ல கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் அறிகுறி எக்ஸ்ரேல. மகளுங்கள விட மனைவிக்கு அதிகம்ங்கறதை கவனிங்க. துணி யாரு கைல போச்சுன்னு யோசிச்சா புரியும்.

ஏன் வீட்ல அவ்வளவு சேருதுன்னு எனக்கு முன்னாடி புரியாம இருந்துச்சு. ஃபேக்டரில எட்டு மணி நேரம், வீட்ல இருவத்து நாலு மணி நேரம். ஃபேக்டரில காத்தாடி இருக்கும், பெரிய கூடம், வீடு சின்னது, மெத்தை, ஜமுக்காளம், திரைச்சீலைன்னு நாரு போயி உக்கார எடம் நிறைய. கூட்டுனா திரும்ப பறக்கும். இது மக்குற பொருளும் இல்ல, வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். எல்லாத்தையும் விட உதறுறது, காஞ்ச தூசி படிஞ்ச சட்டையை முகத்துக்கு நேரா பிடிச்சு உதறுற அந்த அஞ்சு செகண்டுல வர்ற அளவு சாதாரண அளவு இல்ல, அதை தினமும் பத்து வருஷம் பண்ணா கணக்கு கூடிக்கிட்டே போகும். இதை தடுக்கறதுக்கு பெருசா ஒண்ணும் வேணாம், வேலை எடத்துலயே உடுப்பு மாத்தறது, குளிக்கறது, துணியை கம்பெனியே துவைக்கறது. அமெரிக்கால 1972லயே ஆஸ்பெஸ்டாஸ் விதிமுறைல உடை மாத்தற அறையும் சலவையும் வந்துடுச்சு. அப்ப வீட்டுக்கு தூசி போகுதுங்கறது அன்னிக்கே தெரியும்னுதானே அர்த்தம்? 2016ல கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னுச்சு, தொழிலாளி உடம்புலயும் துணியிலயும் போற நாரு அவரு வீட்ல இருக்கறவங்கள பாதிக்கும்னு கம்பெனி எதிர்பாத்திருக்கணும், அதை தடுக்கற கடமை கம்பெனிக்கு இருக்குன்னு. எல்லா மாநிலமும் இதை ஒத்துக்கல, ஜார்ஜியா மாதிரி எடத்துல கோர்ட்டு தள்ளிவிட்டுருக்கு.

சரி, ஒருத்தருக்கு தழும்பு இருக்கு, வீட்ல ஆஸ்பெஸ்டாஸ் வேலை பாத்தவரு இருந்தாரு, அப்ப அதுதான் காரணமா? அப்படி உடனே முடிவு கட்டமுடியாது. காரணம் தெரியாம நுரையீரல்ல தழும்பு வர்ற ஐ.பி.எஃப்னு ஒரு நோய் இருக்கு, அதுவும் நுரையீரலோட அடிப்பக்கத்துலதான் ஆரம்பிக்கும், அதுவும் தேன்கூடு மாதிரி ஓட்டையாகும், சி.டில ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். பிரிச்சு காட்டுறது பெரும்பாலும் ரெண்டு விஷயம், ஒண்ணு ப்ளூரால பிளாக் இருக்கா, அது சுண்ணாம்பு படிஞ்சு வெள்ளையா தெரியுதா, ரெண்டாவது அந்த ஆளோட கதை. நுரையீரலை கழுவி எடுத்த தண்ணில இரும்புச்சத்து பூசுன நாரு, ஆஸ்பெஸ்டாஸ் பாடின்னு சொல்வாங்க, அது தெரிஞ்சா இன்னும் உறுதி. பிரிக்கறதுல பிரயோஜனமும் இருக்கு, ஆஸ்பெஸ்டோசிஸ் பொதுவா ஐ.பி.எஃப் விட மெதுவா போகும். அப்புறம் நம்ம ஊரு நிலவரம் வேற. இந்தியால 19 ஊர்ல 27 மையத்துல நுரையீரல்ல இந்த மாதிரி தழும்பு, அழற்சி இருந்த 1,084 நோயாளிங்கள வெச்சு எடுத்து 2017ல வெளியான பதிவேட்டுல அதிகம் இருந்தது, கிட்டத்தட்ட பாதி, 47.3 சதவீதம், ஒவ்வாமையால வர்ற ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைடிஸ், அதுக்கு பின்னாடி ஏர் கூலர்ல வளர்ற பூஞ்சை, பறவைங்கன்னு இருந்துச்சு. முடக்குவாதம் மாதிரி நோயால வர்ற தழும்பு, சில மாத்திரையால வர்றது, கல் உடைக்கறவங்களுக்கு சிலிகாவால வர்றது, எல்லாம் பாக்கணும். ஜன்னல்ல புறா கூடு இருக்கறதை விட்டுட்டு நாப்பது வருஷத்துக்கு முன்னாடி மாமா பாத்த வேலையை மட்டும் பிடிச்சுக்கிட்டா நஷ்டம் நோயாளிக்குத்தான், ஏன்னா புறாவை வெரட்டுனா அந்த நோயை நிறுத்த வாய்ப்பிருக்கு, ஆஸ்பெஸ்டாஸ் தழும்பை அழிக்க மருந்து இல்ல. நின்டெடானிப் மாதிரி மாத்திரை தழும்பு கூடற வேகத்தை குறைக்கும், அவ்வளவுதான். சிகரெட் பிடிக்கறவரா இருந்தா இன்னிக்கே விடணும், ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேந்தா நுரையீரல் கேன்சர் அபாயம் தனித்தனியா இருக்கறதை விட எங்கயோ போயிடும்.

இதை படிக்கறவங்க பாதி பேரு இப்ப தலைக்கு மேல பாத்திருப்பீங்க, ஷீட்டு கூரை. இந்தியால ஆஸ்பெஸ்டாஸ் தோண்டறதுக்கு புது அனுமதி குடுக்கறத 1986லயே நிறுத்திட்டாங்க, ஆனா வெளிநாட்டுலருந்து வெள்ளை கல்நாரை கப்பல் கப்பலா வாங்கறோம், உலகத்துலயே அதிகம் வாங்கற நாடு நாமதான். இலங்கைல இதை படிப்படியா நிறுத்தறோம்னு சொன்னாங்க, 2017 டிசம்பர்ல ரஷ்யா ஒரு வண்டு கெடச்சுதுன்னு இலங்கை தேயிலையை தடுத்ததும் ரஷ்ய கல்நாரு மேல இருந்த கட்டுப்பாட்டை தளர்த்திட்டாங்க. நம்ம கூரை ஷீட்டுல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான் நாரு, மீதி சிமெண்டு, நாரு அதுல கட்டுண்டு கெடக்கும். நல்லா இருக்கற ஷீட்டுக்கு கீழ படுத்து தூங்குனதால ஆஸ்பெஸ்டோசிஸ் வந்துரும்னு பயப்பட வேண்டியதில்ல, அந்த அளவு தூசி அங்க வராது. ஆனா அதை மெஷின் வெச்சு அறுக்கறவரு, ஓட்டை போடறவரு, பழைய ஷீட்டை சுத்தியலால ஒடைச்சு லாரில ஏத்தறவரு, ஃபேக்டரில மூட்டை பிரிக்கறவரு, இவங்க கதை வேற, இவங்க வீட்டு துணி துவைக்கறவங்க கதையும் வேற. 1995லயே உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியோட உடல்நல பதிவை நாப்பது வருஷம் வரைக்கும், இல்ல வேலையை விட்டு பதினஞ்சு வருஷம் வரைக்கும் வெச்சிருக்கணும்னு சொல்லிருக்கு. அந்த பதிவுல பொண்டாட்டி பேருக்கு எடம் இல்ல.

அதனால உங்க வீட்ல யாருக்காவது பைப்ரோசிஸ்னு வந்தா ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு போங்க. சின்ன வயசுல அப்பா எங்க வேலை பாத்தாரு, எத்தனை வருஷம், வேலை உடுப்போட வீட்டுக்கு வருவாரா, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் எங்க, கப்பல் கட்டற எடமா, அனல் மின்நிலையத்துல பைப்புக்கு வெப்பக்காப்பு சுத்தறதா, பழைய பிரேக் லைனிங் கழட்டற ஒர்க்‌ஷாப்பா, ஷீட்டு கம்பெனியா, துணியை யாரு துவைச்சது, கையாலயா, உதறுவாங்களா, பக்கத்துல ஃபேக்டரி இருந்துச்சா. கூடவே புறா, கூலர், சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் எழுதுங்க. டாக்டர் கேக்கலன்னா நீங்களே எடுத்து நீட்டுங்க. ஷீட்டு அறுக்கற ஆளு வீட்ல இருந்தா தண்ணி தெளிச்சு ஈரமாக்கி அறுக்க சொல்லுங்க, மெஷினை விட கை ரம்பம் தேவலாம், அந்த சட்டையை உதறாம வெளிலயே கழட்டி அப்படியே தண்ணில முக்கி, புள்ளைங்க துணியோட சேக்காம தனியா துவைங்க.